கணக்கு எங்கே நின்றது?

சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செல்வோர், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வந்து இறங்கும் இடம் நல்லதண்ணி. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை இவ்வூர் உறங்குவதில்லை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை விளக்குகள் சரம் கோத்தாற்போல் எரியும். பருவம் முடிந்ததும் அவ்விளக்குகள் அணையும். கடைகள் பல அடைபடும். மழையும் பனிமூட்டமும் வந்து தோட்டத்து லயங்களைப் போர்த்திக் கொள்ளும்.

அத்தகைய மழைநாள் இரவு ஒன்றை மனத்திற் கொள்வோம். லயத்து வீடொன்றின் முன்னறையில், உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயிலும் மாணவி ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். எதிரே இருக்கும் கொப்பியில் ஒரு வினா: “செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் ஒரு பந்து நிலத்திலிருந்து நிலைக்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகின்றது. அது எய்தும் அதியுயர் உயரம் யாது?” அவள் இரண்டு வரி எழுதியிருக்கிறாள், மூன்றாம் வரியை எழுதி அழித்திருக்கிறாள், மறுபடியும் எழுதி, மறுபடியும் அழித்திருக்கிறாள். தாள் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

அடுப்படி வேலை முடித்து வந்த தாய் கேட்கிறாள்:

“இன்னும் படுக்கலையா, புள்ள?”

“ஒரு கணக்கு வர மாட்டேங்குதும்மா.”

“தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது கேளேன்.”

“யாருகிட்டம்மா கேக்குறது?”

இந்தக் கடைசிக் கேள்விதான் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். பௌதிகவியலிலோ நுண்கணிதத்திலோ பிள்ளைக்கு ஒரு கணக்கு வரவில்லையென்றால் யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது? கேட்கப்பட்டவர் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

கேட்க ஆளில்லாத காரணம்

நகரத்துப் பிள்ளைக்கு இக்கேள்வி பெரிதன்று. பாடசாலையிலே ஓர் ஆசிரியர், மாலையிலே ரியூசன் வகுப்பு, வீட்டிலே பல்கலைக்கழகம் கண்ட ஒரு மாமா அல்லது சித்தப்பா என்று அதற்குப் பல வாயில்கள் உண்டு. மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வாயில்கள் மிகப் பிந்தியே திறந்தன.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது வைத்தது. ஆனால் அப்பாடசாலைகளிற் பல, ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமுமாக, எழுத்தும் எண்ணும் என்ற அளவோடு நின்றன. 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்ட எல்லைக்குள் நுழையவில்லை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பத்தனையிலே ஜெர்மனி நாட்டின் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றியனுப்பத் தொடங்கியது அதற்கும் பின்னரே. ஆகவே, இன்று உயர்தரத்திலே இணைந்த கணிதம் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகளிற் பலர், தம் குடும்பத்திலே அப்பாடத்தைத் தொட்ட முதல் ஆள். பாட்டன் படித்திருந்தால் தந்தைக்குச் சொல்லியிருப்பான். தந்தை படித்திருந்தால் மகளுக்குச் சொல்லியிருப்பான். அச்சங்கிலியின் முதற் கண்ணியே அவள்தான்.

இன்னுமொன்று. 1980ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. அவ்வுதவி 11ஆம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. பாடம் எப்போது கடினமாகின்றதோ அப்போதுதான் கையிலிருந்த புத்தகமும் போய்விடுகின்றது. சாதாரண தரம் முடித்து உயர்தரத்திற் கணிதப் பிரிவை நாடும் பிள்ளை, அப்பிரிவு உள்ள பாடசாலையைத் தேடி மஸ்கெலியாவுக்கோ ஹட்டனுக்கோ செல்ல வேண்டியிருக்கலாம். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஆசிரியர் அங்கே; ஐயம் இங்கே.

இருவகை உதவி

மேற்சொன்ன மாணவி மறுநாள் அடுத்த லயத்திலே விடுமுறைக்கு வந்திருக்கும் பல்கலைக்கழக அண்ணன் ஒருவரிடம் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகை அண்ணன் நல்லவர்; அன்பானவர்; அவசரக்காரர். கொப்பியை வாங்கி, ஐந்தே வரியிற் கணக்கைச் செய்து, விடையின் கீழே இரு கோடும் இழுத்துக் கொடுத்துவிடுகிறார். தங்கை மகிழ்ச்சியோடு திரும்புகிறாள். அடுத்த வாரம் அதே பந்து, நிலத்திலிருந்தன்றி ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து எறியப்படுகின்றது. மாணவி மீண்டும் திகைக்கிறாள். மீண்டும் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் விடுமுறை முடிந்து போய்விட்டார்.

இரண்டாம் வகை அண்ணன் கொப்பியைத் தம் கையில் வாங்குவதேயில்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி:

“கணக்கு எங்க நின்னுச்சு, தங்கச்சி?”

“உயரம் சமன் 20 தடவை நேரம், அதிலருந்து 5 தடவை நேரத்தோட வர்க்கத்தக் கழிக்கணும்னு எழுதிட்டேன் அண்ணே. அதுக்கப்புறம் உயரத்தப் பூச்சியம்னு போட்டேன். நேரம் 4 செக்கன்னு வந்துச்சு. அத மேல போட்டா உயரம் பூச்சியம்னு வருது.”

“சரி. 4 செக்கன்ல பந்து எங்க இருக்கு?”

அவள் சிந்திக்கிறாள். “தரையில... விழுந்துருச்சு.”

“அப்ப ஆக உச்சியில நிக்கும்போது எது பூச்சியம்?”

நீண்ட மௌனம். அண்ணன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதே உதவி செய்வோருக்கு மிகவும் கடினமான பகுதி. இறுதியில் அவள் முகம் மலர்கின்றது.

“வேகம்!”

அதன்பின் அவளுக்கு ஒருவரும் வேண்டியதில்லை. உயரத்தை நேரத்தைக் குறித்து வகையிட்டால் வேகம் கிடைக்கும். அது 20 இலிருந்து, 10 தடவை நேரத்தைக் கழித்த மீதி. அதைப் பூச்சியமாக்கினால் நேரம் 2 செக்கன். 2 செக்கனில் உயரம் 40 இலிருந்து 20ஐக் கழிக்க வரும் 20 மீற்றர். இனிப் பந்து கட்டடத்திலிருந்து எறியப்பட்டாலும், மலை முகட்டிலிருந்து எறியப்பட்டாலும் அவள் அஞ்சமாட்டாள்.

நல்ல அண்ணன் இன்னுமொரு கேள்வியைக் கேட்டுவிட்டே அனுப்புவார்: “உச்சியில வேகம் பூச்சியம்னா, ஆர்முடுகலும் பூச்சியமா?” ஆம் என்று சொல்லும் மாணவர் உலகெங்கும் பலர். அது தவறு. வேகமும் பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம் என்றால், எறிந்த பந்து உச்சியிலேயே தொங்கிக் கொண்டிருக்கும்! புவியின் இழுவை அங்கும் ஒரு கணமும் ஓய்வதில்லை. இந்தத் தவறு மாணவியின் மனத்திலே இருப்பதை, விடையை எழுதிக் கொடுத்த முதல் அண்ணன் ஒருபோதும் அறிந்திருக்கமாட்டார். கேட்டவருக்கே அது வெளிப்படும்.

தாய் கேட்க வேண்டிய கேள்விகள்

“எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே!” என்று தாய்மார் சொல்லக்கூடும். தெரியவேண்டிய அவசியமுமில்லை.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ற் நகரிற் பிறந்த ஜோர்ஜ் போல்யா என்ற கணித அறிஞர், 1945ஆம் ஆண்டிலே கணக்குத் தீர்க்கும் முறையைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். பல மொழிகளிற் பெயர்க்கப்பட்ட அந்நூல் இன்றும் ஆசிரியர் கையிலே இருக்கின்றது. அதன் சாரம் நான்கு படிகள்: வினாவை விளங்கிக்கொள், வழியைத் திட்டமிடு, திட்டத்தை நிறைவேற்று, பின்னே திரும்பிப் பார். ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய கேள்விகளை அவர் வகுத்துத் தந்தார். அவற்றின் சிறப்பு யாதெனில், கேட்பவருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“என்ன தந்திருக்காங்க? என்ன கேக்குறாங்க? இது மாதிரி முந்தி ஏதாச்சும் செஞ்சிருக்கியா? ஒரு படம் போட்டுப் பார்த்தியா? வந்த விடை நடக்கக்கூடியதா?”

இந்த ஐந்து கேள்விகளையும் எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம். பிள்ளை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, சொல்லும் வாயே தவறைக் கண்டுபிடித்துவிடும். பந்து 20 மீற்றர் உயர்ந்தது என்றால் நம்பலாம், 20 கிலோமீற்றர் உயர்ந்தது என்று விடை வந்தால், “அது வானத்துக்கே போயிருச்சா?” என்று தாய் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பும் ஓர் உதவிதான்.

கொழுந்துக் கூடையில் நுண்கணிதம்

இன்னும் சொல்லப்போனால், தோட்டத்துத் தாய்க்கு நுண்கணிதம் தெரியாது என்பதே முற்றிலும் உண்மையன்று. பெயர் தெரியாது, பொருள் தெரியும்.

காலை 8 மணிக்கு மலையேறி 10 மணிக்குள் 6 கிலோ கொழுந்து பறித்தவள், மணிக்கு 3 கிலோ பறித்தாள் என்று கணக்கிடுவாள். ஆனால் இரண்டு மணி நேரமும் கை ஒரே விரைவில் ஓடியதா? கொழுந்து செழித்த நிரையிலே கை பறக்கும். வஞ்சி நிறைந்த நிரையிலே கை தளரும். அப்படியானால், சரியாக 9 மணிக்குக் கை என்ன விரைவில் ஓடியது? அதை அறிய, 9 மணியையொட்டிய அரை மணி நேரத்தை எடுத்துப் பார்க்கலாம். பத்து நிமிடத்தை எடுத்துப் பார்க்கலாம். ஒரு நிமிடத்தை எடுத்துப் பார்க்கலாம். நேரத்தைக் குறுக்கக் குறுக்க, ஒரு திட்டமான எண்ணை நோக்கி நாம் நெருங்குகிறோம். இவ்வாறு நெருங்குவதற்கு எல்லை என்று பெயர். நெருங்கிக் கிடைக்கும் விரைவுக்குப் பெறுதி என்று பெயர். அதைக் காணும் வழி வகையிடல்.

மறுபுறமாகப் பாருங்கள். ஒவ்வொரு நிமிடமும் பறித்த சிறு சிறு பிடிகளையெல்லாம் ஒன்றுசேர்த்தால், மாலை நிறுவையிலே தராசு காட்டும் மொத்தம் வரும். அதுவே தொகையிடல். ஐசக் நியூற்றனும், ஜெர்மானிய அறிஞர் லைப்னிற்சும் 17ஆம் நூற்றாண்டிலே தனித்தனியே வகுத்த கலையின் இரு கரங்கள் இவை. ஒன்று மற்றொன்றின் மறுதலை என்பதே அவர்கள் கண்ட பேருண்மை.

ஆகவே, பிள்ளை தன் பாடத்தைத் தாய்க்குக் கொழுந்துக் கணக்காகச் சொல்லிப் பார்க்கட்டும். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால், தனக்கு விளங்கியது என்று அறியலாம். சொல்ல முடியாமல் நாக்கு எந்த இடத்தில் தடுமாறுகின்றதோ, அதுவே கணக்கு நின்ற இடம்.

நல்லதண்ணிப் பிள்ளைக்கு வீட்டுவாசலிலேயே இன்னோர் உதாரணமும் உண்டு. சிவனொளிபாதமலைச் சரிவிலே ஊற்றெடுக்கும் மஸ்கெலி ஓயாவின் நீரைத் தேக்கி நிற்பது மவுசாகலை நீர்த்தேக்கம். 1969இல் அது நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மறைந்தது. வறட்சியிலே நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. நீர்மட்டம் இன்று எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு விரைவாக ஏறுகின்றது என்பது வேறொரு கேள்வி. மட்டம் தாழ்ந்திருந்தும் விரைந்து ஏறலாம். உயர்ந்திருந்தும் ஏறாமல் நிற்கலாம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்த பிள்ளை, உயரத்தைப் பூச்சியமாக்கி மயங்காது. உச்சியிலே உயரம் மிகப்பெரிது. உயரம் மாறும் விரைவுதான் பூச்சியம்.

சொல்லால் வரும் இடர்

இனி, பலரும் கவனியாத ஓர் இடர் உண்டு. அது கணக்கில் இல்லை, சொல்லில் இருக்கின்றது.

கைத்தொலைபேசி வந்தபின், தமிழகத்து ஆசிரியர்களின் காணொளிப் பாடங்களை நம் பிள்ளைகளும் காண்கின்றனர். அது நல்லதே. ஆனால் இலங்கையின் கலைச்சொற்களும் தமிழகத்தின் கலைச்சொற்களும் ஒன்றல்ல. நாம் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்பர். நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம்; நம் சக்தி அங்கே ஆற்றல்; நம் வலு அங்கே திறன்; நம் மீடிறன் அங்கே அதிர்வெண். இவை வெவ்வேறு சொற்களாகையால் ஆபத்தில்லை. பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆபத்து, ஒரே சொல் இரு கரையிலும் இரு பொருள் தரும்போதுதான்.

திசையைச் சேர்த்துச் சொல்லும் அளவை நாம் வேகம் என்கிறோம். திசை சேராததைக் கதி என்கிறோம். தமிழகத்திலோ திசை சேர்ந்தது திசைவேகம். திசை சேராததே வேகம். அதனினும் பெரிய மயக்கம் ‘நிறை’ என்ற சொல்லிலே உண்டு. ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவை நாம் திணிவு என்போம். அதைப் புவி இழுக்கும் விசையை நிறை என்போம். தமிழகத்தார் முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் வழங்குவர்.

இதனால் என்ன வந்தது என்று கேட்கலாம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை உச்சிக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீற்றர். உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர். 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை எவ்வளவு? புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொண்டால், அவரது நிறை 500 நியூற்றன். அதை 1,000 ஆற் பெருக்க 5 இலட்சம் யூல். தமிழகப் பாடத்தில் “நிறை 50” என்று கேட்ட பிள்ளை, நம் நூலில் “வேலை என்பது நிறையை உயரத்தாற் பெருக்குவது” என்று படித்து, 50ஐ 1,000 ஆற் பெருக்கினால் வருவது 50,000. உள்ளதில் பத்தில் ஒன்று! பிள்ளை முட்டாளன்று, சொல் ஏமாற்றியது. ஆகவே, காணொளி பார்க்கும் பிள்ளைகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, நம் சொல் ஒருபுறமும் அக்கரைச் சொல் மறுபுறமுமாக எழுதிவருதல் நன்று.

ஒரு வார்த்தை இடையிலே: மலையேறியவர் பெற்ற அந்த 5 இலட்சம் யூல், உணவுக் கணக்கிற் பார்த்தால் ஏறத்தாழ 120 கிலோகலோரி மட்டுமே. ஆனால் உடல் தான் செலவிடும் சக்தியிற் பெரும் பகுதியை வெப்பமாக்கிவிடுவதால், ஏறுவோர் அதைப்போல் நான்கைந்து மடங்கு செலவிடுகின்றனர். உச்சியிலே பசி எடுப்பதற்கும் பௌதிகவியலிலே விடை உண்டு.

உதவி இருக்கும் இடங்கள்

அண்ணன் இல்லாத ஊரிலே பிள்ளை எங்கே போவது? வழிகள் முன்னிலும் இன்று அதிகம்.

மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் உயர்தரப் பாடங்களுக்கு வள நூல்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தமிழிலே வெளியிடுகின்றது. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திலே தமிழ்மொழிப் பாடங்கள் உண்டு. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துப் பழைய பாடநூல்களையும் தேடிப் படிக்கலாம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் உயர்தர மாணவருக்கு நடத்தும் தவணைப் பரீட்சைகளும், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்திவரும் முன்னோடிப் பரீட்சையும் பெயர்பெற்றவை. அவற்றின் வினாத்தாள்கள் கைமாறிக் கைமாறி மலையகத்துக்கும் வருகின்றன.

புள்ளி வழங்கும் திட்டம் ஒன்று கையிலிருந்தால், அதை முதலிற் பார்க்கலாகாது. தானே செய்து, நின்ற இடத்துக்குக் கோடிட்டு, அதன்பின் ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்து, தாளை மூடிவிட்டுத் தொடர வேண்டும். முழுவதையும் பார்த்துப் பிரதி செய்தவனுக்கு, பரீட்சை மண்டபத்திலே பிரதி செய்ய ஒன்றும் இராது.

தொலைவிலுள்ள ஆசிரியருக்கோ அண்ணனுக்கோ எழுதிக் கேட்பதானால், நான்கு விடயங்களை எழுத வேண்டும். முதலாவது, வினாவை ஒரு சொல்லும் விடாது எழுதுதல். இரண்டாவது, தான் செய்த வரிகளைச் செய்தபடியே எழுதுதல், தவறையும் மறைக்கலாகாது. மூன்றாவது, எந்த வரியில் நின்றது என்று காட்டுதல். நான்காவது, ஏன் நின்றதென்று தான் எண்ணுவதைச் சொல்லுதல். “இந்தக் கணக்கு விளங்கவில்லை” என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கும் ஒன்றும் விளங்காது.

எழுதிக் கேட்டவருள் தலைசிறந்தவர் நம்மவரே. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவிலே எழுத்தராயிருந்த சீனிவாச இராமானுசன், 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அணுகிய கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவரிடமிருந்து உதவி கிட்டவில்லை. ஹார்டிக்கு எழுதியபோது அவர் வெறுமனே “எனக்கு உதவுங்கள்” என்று நின்றுவிடவில்லை. தாம் கண்ட முடிவுகளைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்தார். அதைக் கண்டே ஹார்டி வியந்தார். வியந்த ஹார்டியும், “முடிவுகள் போதா, நிறுவல்களைக் காட்டுக” என்றே முதலிற் கேட்டார். இராமானுசனுக்கே விடை மட்டும் போதவில்லையென்றால், நம் பிள்ளைகளுக்குப் போதுமோ?

உறவினர் உதவி உலகுக்கு உதவியாகிய கதையும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே தொழில் பார்த்துவந்த, வங்காள வழிவந்த சல்மான் கான் என்பவர், 2004ஆம் ஆண்டிலே நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்த உறவுச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவளைக் கண்டு மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்டனர். நேரம் போதாமையால் 2006இலே பாடங்களைக் காணொளியாக்கி இணையத்தில் இட்டார். 2008இலே அது ஒரு நிறுவனமாயிற்று. இன்று உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகள் அதிற் பயில்கின்றனர். அனைத்துக்கும் வித்து, ஒரு சிறுமிக்கு ஒரு கணக்கு வராமற் போனதே.

இயந்திரம் தரும் விடை

இப்போது வேறொரு வசதியும் வந்துவிட்டது. வினாவைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்தால், நொடிப்பொழுதிலே முழு விடையையும் எழுதித் தரும் இயந்திர அறிவு கைக்கெட்டியிருக்கின்றது. 2020இல் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலே, தொலைபேசி அலைவரிசை தேடி மலைமுகடுகளுக்கு ஏறிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெருவரமாகவே தோன்றும்.

வரம்தான், ஆனால் கேட்கும் முறையிலே இருக்கின்றது அதன் பயன். “இதைச் செய்து தா” என்று கேட்டால் அது முதல் வகை அண்ணன். அவசரக்காரர், சில வேளை தவறான விடையையும் தயங்காது தருபவர். “நான் இதுவரை செய்தது இது, என் தவறு எந்த வரியில் உள்ளது? விடையைச் சொல்லாமல் ஒரு குறிப்பு மட்டும் தா” என்று கேட்டால், அதுவும் இரண்டாம் வகை அண்ணனாகலாம். எனினும் அது சொன்னதை நம்புமுன், வந்த விடை நடக்கக்கூடியதா என்று பார்ப்பது பிள்ளையின் கடமை.

முன்னே சென்றவர்க்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்றவர்களுக்கும், ஆசிரியர்களானவர்களுக்கும், பொறியியலாளர்களானவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு வரும் விடுமுறையிலே, வாரத்திற்கு ஒரு மாலை, ஒரு மணி நேரம், கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ அமர முடியுமா? பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு கரும்பலகையும் ஐந்தாறு பிள்ளைகளும் போதும். பாடம் நடத்தவும் வேண்டாம். கொப்பியைத் திறக்கச் சொல்லி, “கணக்கு எங்கே நின்றது?” என்று கேட்டுவிட்டுச் சற்றே மௌனமாயிருங்கள். அடுத்த ஆண்டு அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வருக்கு அக்கேள்வியைக் கேட்பார். குடும்பத்தில் இல்லாத சங்கிலியை ஊர் இவ்வாறு கோத்துக்கொள்ளலாம்.

நல்லதண்ணியிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளையும் ஏறுபவர் தம் கால்களாலேயே ஏறுகின்றார். ஆயினும் இறங்கி வருபவர், “இன்னும் கொஞ்ச தூரந்தான், பாத்து ஏறுங்க” என்று சொல்லிச் செல்லும்போது கால்களுக்குப் புதிய வலு பிறக்கின்றது.

நம் மாணவியின் வீட்டிலே இப்போது விளக்கு அணையப் போகின்றது. கணக்கு முடிந்துவிட்டது. படுக்கப் போகுமுன் தாய் கேட்கிறாள்:

“வந்துருச்சா, புள்ள?”

“வந்துருச்சும்மா. நானே செஞ்சேன்.”